ஒக்டோபரில் பிரித்து நட வேண்டிய செடி

ஜூன் 24, செவ்வாய்

விடியப்புறம் மழை விட்டது. கடற்காற்று விடவில்லை. மொட்டைமாடிக் கொடியிலிருந்து யாருடையதோ பள்ளிக்கூடச் சட்டை பறந்து தண்ணீர்த் தாங்கியின் குழாயில் சிக்கிக் கிடந்தது. எடுத்துப் பிழிந்து திரும்பப் போட்டேன்.

தேனீ தேடிவரும் பீ பாம் பூச்செடி, மூன்று சாடி. (இனிப் பெயர்களைச் சுருக்கித்தான் எழுதுவேன். விரல் மூட்டு நோகிறது.)

முதற் சாடி: கீழிலைகளில் சாம்பல் நோய். கோதுமை மா தூவினது போல.

இரண்டாவது: உப்புக்காற்றில் இலை ஓரம் கருகல். மற்றப்படி பரவாயில்லை.

மூன்றாவது: நடுவில் வெறுமை, ஓரத்தில் மட்டும் தளிர். ஆனால் ஒரு தண்டின் நுனியில் மொட்டு.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். மொட்டேதான்.

இது குளிர்நாட்டுச் செடி. மார்கழியில் மேலே எல்லாம் செத்துப் போகும். வேர் மட்டும் பனிக்குக் கீழே கிடந்து வசந்தத்தில் திரும்பி வரும். இத்தனை வருஷம் தாவரவியல் படிப்பித்தும் பல்லாண்டுத் தாவரத்துக்கு நான் காட்டிய உதாரணம் வாழையும் இஞ்சியும்தான். கொழும்பு வெள்ளவத்தையில் வேறெதைக் காட்டுவது? இங்கே இதற்குக் குளிரும் இல்லை, ஓய்வும் இல்லை.

தங்கச்சி வசந்தி (வ.) ரொறன்ரோவில் வீட்டின் பின்பக்கம் ஒரு பாத்தி நிறைய வைத்திருக்கிறாள். பிறந்தநாள் வாழ்த்து மட்டைக்குள் விதை அனுப்பினாள். முதல் தரம் முளைத்து வெய்யிலில் செத்தது. அடுத்த தரம் முளைத்து வளர்ந்ததும் அவள் சொன்னபடி வேரைக் கழுவி, ஈரச்சீலையில் சுற்றி, ஃபிரிட்ஜில் மரக்கறித் தட்டில் வைத்தேன். குளிர்காலம் என்று அது ஏமாறட்டும் என்றுதான். மேல்மாடிப் புஷ்பமக்கா தேத்தண்ணிக்குப் பால் எடுக்கத் திறந்துபார்த்து, "இதென்ன டீச்சர், இஞ்சிக்குச் சீலை உடுத்தி வைச்சிருக்கிறியள்?" என்று சிரித்தார்.

வ.வுக்குக் கணையத்தில் புற்றுநோய். போன மார்கழியில் கண்டுபிடித்தார்கள். மருந்து ஏற்றுகிறார்கள்.

பின்னேரம் அவளுக்குப் படம் அனுப்பினேன். மொட்டு மட்டும். கீழிலை தெரியாமல்.

குரலில் பதில் வந்தது: "கீழையும் காட்டுங்கோ அக்கா. மேலை மேலை பாத்தா ஊரிலை எல்லாரும் வடிவுதான்."

வெளிச்சம் போய்விட்டது என்று எழுதிவிட்டேன். ஐந்து மணி. நல்ல வெளிச்சம்.

ஜூன் 25, புதன்

பால்மா ஒரு கரண்டிக்குத் தண்ணீர் பத்துக் கரண்டி. வடித்து, பழைய கண்ணாடி துடைக்கிற போத்தலில் ஊற்றி, இலையின் இரண்டு பக்கமும் தெளித்தேன். பால் வெய்யிலில் காயும்போது பங்கசு என்கிற பூஞ்சை சாகுமாம். வெய்யில் எங்கே?

நீரிறைக்கும் மோட்டார் நின்றுவிட்டது. காவலாளி பியசேன கீழேயிருந்து கையை விரித்து, தண்ணீர் இல்லை, மோட்டார் பழுது என்று சிங்களத்தில் கத்தினார்: "வத்துர நே, டீச்சர்! மோட்டர் கெடிலா!" தண்ணீர் பின்னேரம்தான் வந்தது.

தண்ணீரோடு செந்தூரனின் அழைப்பும். வ.வின் ஒரே பிள்ளை. அவனுக்கு அங்கே காலை. வேலைக்குப் போகிற வழியில் காரை ஓரமாக நிறுத்திவிட்டுக் கதைத்தான்.

"பெரியம்மா, டொக்டர்மார் நிப்பாட்டிட்டினம்."

"என்னத்தை?"

"ட்ரீட்மென்டை. இனி ஏத்தினா உடம்பு தாங்காதாம். கிழமைக் கணக்காம். மாசக் கணக்கு இல்லையாம்."

மோட்டார்ச் சத்தம். அடுக்களையில் வாளி நிரம்பி வழிகிறது. எழும்பிக் குழாயைப் பூட்டத் தோன்றவில்லை.

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

"டொக்டர் அம்மாட்டைக் கேட்டவர், ரிசல்ட்டை உங்களுக்குச் சொல்லவோ எண்டு. அம்மா, மகனிட்டைச் சொல்லுங்கோ எண்டிட்டா. நான் சொல்லேல்லை. இப்ப ஒரு ரெஸ்ட், ஓகஸ்டிலை திரும்பத் தொடங்குவினம் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன். நீங்களும் அப்பிடியே சொல்லுங்கோ."

"செந்து..."

"ப்ளீஸ் பெரியம்மா. அம்மா கேக்கிறதெண்டா உங்களிட்டைத்தான் கேப்பா."

சரி என்றேன்.

கட்டிலைப் பின் அறைக்கு மாற்றியிருக்கிறானாம். ஜன்னலுக்கு நேரே பாத்தி தெரியுமாம். நல்ல பிள்ளை.

இரவு பாணும் பருப்பும். எல்லாமே மிஞ்சிவிட்டது.

ஜூன் 27, வெள்ளி

ஐந்தரைக்கே மாடியில் புஷ்பமக்கா. கையில் பூக்கூடை. வெள்ளிக்கிழமைகளில் அவருக்கு இந்த மாடியில் யாருடைய செடி என்ற கணக்கு இல்லை. என் நந்தியாவட்டை, மூன்றாம் மாடிக்காரரின் செம்பருத்தி, எல்லாம் சுவாமிக்கு. யாரும் ஒன்றும் சொல்வதில்லை. சுவாமிக்கு என்றால் எங்கள் ஆட்களிடம் பூவுக்குச் சொந்தக்காரர் இல்லை.

"அக்கா, எல்லாம் எடுங்கோ. இந்தச் சாடியிலை மட்டும் கை வைக்காதேங்கோ."

"இது பூவோ? நான் பூச்சி கூடு கட்டியிருக்கெண்டெல்லோ நினைச்சன்."

வ. பற்றிச் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. கூடையைச் சுவரில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்தார்.

"சொல்லிப்போடாதேங்கோ டீச்சர். எங்கடை இவருக்கும் நாங்கள் கடைசி மட்டும் சொல்லேல்லை. அல்சர் எண்டே வைச்சிருந்தம். நிம்மதியாப் போனார்."

புஷ்பமக்காவின் கணவர் இரும்புக்கடை வைத்திருந்தவர். நான் இங்கே குடிவர முந்தியே போய்விட்டார். படத்தில்தான் தெரியும். மீசை.

வேப்பெண்ணெய் வாங்க வேண்டும். காலி வீதி மருந்துக் கடையில் இல்லை. கொட்டாஞ்சேனைப் பக்கம் கிடைக்கும் என்றார்கள். வெறும் வேப்பெண்ணெய்க்காக யார் அவ்வளவு தூரம் பஸ்ஸில் போவது? நான்தான். நாளைக்கு.

ஜூன் 30, திங்கள்

வ.வோடு வீடியோவில். முகம் சிறுத்துவிட்டது. மூக்கு மட்டும் அப்பாவின் மூக்காக எழும்பி நிற்கிறது. தலையில் ஊதா நிறத் தொப்பி. அங்கே பாத்தியில் பூக்கத் தொடங்கிவிட்டதாம். போனைத் திருப்பி ஜன்னலுக்கு வெளியே காட்டினாள். அவ்வளவு சிவப்பு. தலை சீவாத பிள்ளைகள் வரிசையில் நிற்கிற மாதிரி. நடுவிலே பெரிய ஓட்டை.

"நடு செத்துப்போச்சு அக்கா. மூண்டு வருஷத்துக்கொருக்காப் பிரிச்சு நட வேணும். போன வருஷமே செய்திருக்க வேணும்."

"என்ரை மூண்டாம் சாடியும் அப்பிடித்தான்."

"பிரிக்கிறதுக்கு ஒக்டோபர்தான் நல்லம். இப்ப வெய்யில், வாடிப்போம்." கொஞ்சம் மூச்சு எடுத்தாள். "ஆனா ஒண்டு கேக்கிறன். ஒக்டோபர் மட்டும் வைச்சிருக்கவோ? இல்லாட்டி இப்பவே செந்துவைக்கொண்டு பிரிப்பிக்கவோ? நீங்கள் என்ன சொல்லுறியள்?"

திரையில் நேராக என்னைப் பார்த்தாள்.

"இப்ப என்ன அவசரம்? ஒக்டோபரிலை ஆறுதலாச் செய்யலாம்."

"நானோ?"

"வேறை ஆர்?"

கீழே கடலோரத் தண்டவாளத்தில் ஒரு ரயில் போனது. சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும். இந்தப் பக்கத்தில் வளர்ந்தவள், சின்ன வயதில் அந்தச் சத்தத்தில்தான் நித்திரை கொண்டவள்.

"சரி அக்கா. உங்கடை செடியெல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

"ஓம். நல்லா இருக்கு."

"ம்."

வைத்துவிட்டாள். வழக்கமாக மூன்று தரம் 'வைக்கிறன்' சொல்லாமல் வைக்க மாட்டாள்.

ஜூலை 2, புதன்

வேப்பெண்ணெய் தெளித்தேன். ஒரு தேக்கரண்டி, சவர்க்காரத் தண்ணீர் ஒரு போத்தல். மாடி முழுக்க நாற்றம். இரண்டாம் மாடிப் பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஆரோ ஆஸ்பத்திரி கொண்டுவந்திட்டினம்" என்று கத்திக்கொண்டு கீழே ஓடியது.

இருபது வருஷம் மண்ணில் கை வைத்தவள் வ. எப்போது பிரிப்பது என்று என்னிடம் கேட்க அவளுக்குத் தேவையில்லை. இந்தச் செடியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் சொல்லித் தந்தது. ஒக்டோபரில் தான் உயிரோடு இருப்பாளா என்றுதான் கேட்டாள். எனக்கு விளங்கியது. எனக்கு விளங்கியது அவளுக்கும் விளங்கியது. நான் பொய் சொன்னதும் விளங்கியது. 'செடி நல்லாத்தானே' என்று பிறகு கேட்டது, என் பொய்க் குரல் எப்படியிருக்கும் என்று சரி பார்க்க.

வகுப்பில் தெரியாத கேள்வி வந்தால், 'தெரியாது பிள்ளை, நாளைக்குப் பார்த்துக்கொண்டு வாறன்' என்று சொல்வேன். அதனால் மதிப்புக் குறைந்ததில்லை. தெரிந்த விடையை மாற்றிச் சொன்னது இதுதான் முதல்.

செடியையும் இவளையும் சேர்த்து யோசிக்கக் கூடாது. செடி செடி. மூன்றாம் சாடி பூத்தால் இவள் எழும்பப் போவதில்லை. தெரியும். தெரிந்தும் காலையில் எழும்பிய உடனே மாடிக்குத்தான் ஓடுகிறேன்.

போன வருஷம் விசா கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் பக்கத்தில் இருந்திருப்பேன். பக்கத்தில் இருந்தால் மட்டும் சொல்லியிருப்பேனா?

மொட்டில் சிவப்புக் கோடு.

ஜூலை 4, வெள்ளி

இல்லை. பூ இல்லை.

நேற்றுப் பின்னேரம் விரிந்தது. வ.வுக்கு அழைத்தேன், நித்திரை என்றான் செந்து. நாளைக்குக் காட்டலாம் என்று விட்டேன். காலையில் போனால் தண்டு மட்டும் நிற்கிறது. நகத்தால் கிள்ளின வெட்டு.

புஷ்பமக்கா கோயிலிலிருந்து வர எட்டு மணி. படியில் நின்று பிடித்துக்கொண்டேன். நெற்றியில் திருநீறு, கையில் அர்ச்சனைத் தட்டு. தட்டில் உடைத்த தேங்காய்ப் பாதியும் வெற்றிலையும். பூ இல்லை.

"அந்தச் சாடியிலை கைவைக்க வேண்டாமெண்டு சொன்னனானெல்லே அக்கா!"

"சாமிக்குத்தானே டீச்சர்..."

"சாமிக்கு மாடி முழுக்கப் பூக் கிடக்கு! எனக்கு இருந்தது ஒண்டு!"

இப்படி நான் கத்தி இந்தத் தொடர்மாடியில் யாரும் கேட்டதில்லை. இரண்டு கதவு திறந்து மூடியது.

"உங்கடை தங்கச்சின்ரை பேரிலைதான் அர்ச்சினை செய்தனான்." தட்டை என்னிடம் நீட்டினார். "அவவின்ரை நட்சத்திரம் கேட்டுவைச்சனானெல்லே போன கிழமை. அவ அனுப்பின செடி, அவவின்ரை பூ, அவவுக்காக வைச்சா நல்லமெண்டு... ஐயர்கூட இதென்ன பூவெண்டு கேட்டவர். கனடாப் பூவெண்டு சொல்லிப் பிள்ளையாற்றை தலையிலை வைப்பிச்சனான்."

உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

படம்கூட எடுக்கவில்லை.

ஜூலை 5, சனி

மழை. உளுந்து வடையோடு புஷ்பமக்கா. உள்ளே வரமாட்டேன் என்று வாசலில் நின்றார். கையைப் பிடித்து இழுத்து இருத்தினேன். தேத்தண்ணி வைத்தேன். சீனி போட மறந்து, இருவரும் சீனியில்லாமலே குடித்தோம்.

குடித்து முடிய அவராகவே தொடங்கினார்.

"டீச்சர், நிம்மதியாப் போனார் எண்டு சொன்னனானெல்லே இவரை. பொய்."

வடைத் தட்டை அவர் பக்கம் தள்ளினேன்.

"கடைசிக் கிழமை என்னோடை முகம் குடுத்துக் கதைக்கேல்லை. நான் சோறு தீத்தப் போனா மற்றப்பக்கம் திரும்பிவிடுவார். ஏனெண்டு அப்ப விளங்கேல்லை. பேந்துதான் என்ரை தம்பி சொன்னவன், 'அத்தானுக்குத் தெரியும், உன்ரை அக்கா வாய் திறந்து சொல்லுறாளோ பாப்பம் எண்டு என்னட்டைச் சொன்னவர்' எண்டு. பாத்துக்கொண்டே இருந்திருக்கிறார். நான் அல்சர் அல்சர் எண்டு கஞ்சி காய்ச்சிக்கொண்டு நிண்டிருக்கிறன்."

வடையைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் வைத்தார். சாப்பிடவில்லை.

"கடைத் திறப்பு எங்கை எண்டுகூடச் சொல்லாமல் போட்டார். பூட்டு உடைச்சுத்தான் திறந்தனாங்கள்."

போகும்போது, "நான் உங்களுக்குச் சொல்லு எண்டு சொல்ல வரேல்லை" என்றார். "பூவுக்குத்தான் மன்னிப்புக் கேக்க வந்தனான்."

ஜூலை 6, ஞாயிறு

எழுதிவைக்கிறேன். பிறகு நானே மாற்றிச் சொல்லக்கூடும்.

இரவு ஏழு மணிக்கு அழைத்தேன். செந்து கடைக்குப் போயிருந்தான். பகல் நேரத்துத் தாதி போனை அவள் கையில் கொடுத்துவிட்டு விலகினாள்.

"வசந்தி, ஒக்டோபர் மட்டும் வைச்சிருக்காதை. இப்பவே பிரி."

கண் கொட்டாமல் பார்த்தாள்.

"அப்ப நான் இருக்கமாட்டனோ?"

"இல்லையடி."

"எவ்வளவு?"

"கிழமைக் கணக்கெண்டு சொல்லுகினமாம்."

"செந்துவுக்குத் தெரியுமோ?"

"அவன்தான் எனக்குச் சொன்னவன்."

"ஐயோ, அவன் தனியக் காவிக்கொண்டு திரிஞ்சிருக்கிறான்." அதற்குப் பிறகுதான் அழுதாள். அழுகை என்று சொல்ல முடியாது. வயிற்றிலிருந்து ஒரு சத்தம். தாதி ஓடி வந்தாள். கையால் போ என்று காட்டினாள் வ.

நான் ஒன்றும் செய்யவில்லை. செய்ய ஒன்றும் இல்லை. போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை உளைந்தது. மற்றக் கைக்கு மாற்றினேன்.

கனநேரம் போய், மூக்கைத் துடைத்துக்கொண்டு, "செடியைக் காட்டுங்கோ" என்றாள்.

மாடிக்குப் போனேன். விளக்கைப் போட்டு, போனைக் குனிந்து பிடித்து, கீழிலைகளைக் காட்டினேன். சாம்பல், கருகல், பூ கிள்ளின தண்டு, எல்லாம்.

"அட கோதாரி! இதையோ நல்லா இருக்கெண்டு சொன்னனீங்கள்?"

"பால் தெளிச்சனான். வேப்பெண்ணெய்..."

"பாலும் தேனும்! அடியோடை வெட்டுங்கோ அக்கா. வெட்டி, வெட்டினதைக் குப்பையிலை போடுங்கோ, சாடிக்கை விடாதேங்கோ. வேர் இருந்தா வரும். நாலு விரல்கடை விட்டு வெட்டுங்கோ."

வைக்கும்போது ஒரு தரமும் 'வைக்கிறன்' சொல்லவில்லை. போன் கையிலிருந்து வழுகி, கூரைதான் தெரிந்தது. கூரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

செந்துவின் குரல். அழைப்பு இல்லை, பதிவு செய்து அனுப்பியது. மூன்று தரம் கேட்டேன்.

"பெரியம்மா, நீங்கள் டீச்சர் எண்டாப்போலை எல்லாருக்கும் பாடம் எடுக்க ஏலாது. அம்மா ரெண்டு நாளாச் சாப்பிடேல்லை. சுவரைப் பாத்துக்கொண்டு கிடக்கிறா. அவ நல்லா இருந்தவ. ஓகஸ்ட் எண்டு நினைச்சுக்கொண்டு நல்லா இருந்தவ. நீங்கள் அங்கை இருந்துகொண்டு வாயாலை சொல்லிப்போட்டு விட்டிட்டியள். இஞ்சை இருந்து பாக்கிறது நான். இனி எடுக்காதேங்கோ. டோன்ட் கோல் அஸ்."

கடைசி வரியில் குரல் உடைந்தது.

எழுதிய பதில் போய்ச் சேரவில்லை. என் இலக்கத்தைத் தடுத்துவிட்டான்.

மத்தியானம் சமைக்கவில்லை. கடையில் வாங்கிய இடியப்பம், சொதி. சொதி புளித்திருந்தது. சாப்பிட்டேன்.

ஜூலை 10, வியாழன். போயா (பௌர்ணமி) விடுமுறை

காலி வீதி வெறிச். கடைகள் பாதி பூட்டு.

மூன்று சாடியையும் வெட்டினேன். நாலு விரல்கடை. வெட்டும்போது மணந்தது. ஓமத் தண்ணீர் மணம், அதோடு கற்பூரவள்ளி. நோய்பிடித்த இலையிலும் அதே மணம். வெட்டினதைப் பையில் கட்டிக் குப்பைக்குப் போட்டேன். மாடியில் இப்போது மூன்று சாடி மண்ணும் கட்டைகளும்.

செந்து சொன்னதில் பிழை எங்கே என்று தேடினேன். கிடைக்கவில்லை. உண்மையைச் சொல்வது என் வேலை, அதைத் தாங்குவது அவனுடைய வேலை என்று பிரித்துக்கொண்டேனா? மார்க் போட்டுவிட்டுக் கொப்பியை மூடுவது போல?

கீழே ஒழுங்கையில் இரண்டு முதியவர்கள் தணிந்த குரலில் கதைத்துக்கொண்டு போனார்கள். ஜூலை மாதத்தில் இந்த ஒழுங்கையில் வயதானவர்களின் குரல் அப்படித்தான். வ. நாட்டைவிட்டுப் போனதும் எண்பத்துமூன்று ஜூலைக் கலவரத்துக்குப் பிறகுதான். இருபது வயது. விமான நிலையத்தில் அவளுக்கு நான் சொன்னது: 'ஒரு வருஷத்திலை திரும்பி வரலாம், பயப்பிடாதை.'

புஷ்பமக்கா படியில் கண்டு, "நான் சொன்னதாலையோ டீச்சர்?" என்று கேட்டார்.

"இல்லை அக்கா. அவள் கேட்டதாலை."

ஜூலை 13, ஞாயிறு

செந்துவின் இலக்கம். எடுக்கப் பயம். எடுத்தேன்.

வ.தான். கன்னத்தில் எலும்பு.

"அக்கா, பயமாக் கிடக்கு."

"ஓமடி."

"நீங்கள் சொல்லியிருக்கக் கூடாது."

"நீ கேட்டனீ."

"கேட்டனான்தான். கேட்டா உடனை சொல்லிறதே?" கோபமா, பகிடியா? இரண்டும். "ராவெல்லாம் முழிப்பு. இது எப்பிடி இருக்குமெண்டு யோசினை. நோகுமோ எண்டு. ஒருத்தருக்கும் தெரியாது, என்ன? நீங்கள் படிச்சனீங்கள், உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியாது வசந்தி."

"பாத்துக்கொண்டு வந்து சொல்லவும் மாட்டியள்."

சிரித்தாளா இருமினாளா தெரியவில்லை. நான் சிரித்தேன். 'வைக்கவோ' என்று கேட்டேன். "வைச்சிடாதேங்கோ" என்றாள். அவள் கை திரைக்குக் குறுக்கே வந்தது. போனைப் பிடித்தபடி.

பின்னால் ஜன்னலுக்கு வெளியே செந்து. வெய்யிலில், பாத்திக்குள், கையில் மண் வெட்டுகிற சவள். மூன்று நாளாகத் தாயும் மகனும் கதைக்கவில்லையாம். நேற்று இவள்தான் கூப்பிட்டு, 'போய்ச் சவளை எடு' என்றிருக்கிறாள்.

"பாருங்கோ, பிலாக்காய் வெட்டிற மாதிரி வெட்டுறான். டேய்! வேரை நோகப்பண்ணாதை!" கத்துவதாக நினைத்துக்கொண்டு சொன்னாள். பக்கத்தில் இருந்தவருக்கே கேட்டிருக்காது.

ஐஸ்கிரீம் டப்பாக்களில் துண்டு துண்டாக ஜன்னலடியில். மச்சாளுக்கு ஒன்று. பக்கத்து வீட்டு இத்தாலிக்காரிக்கு ஒன்று. கோயிலுக்கு இரண்டு. செந்துவுக்கு ஒன்று, அவன் இருக்கிற அப்பார்ட்மென்டில் வெய்யில் இல்லை, வாடும் என்று அவளுக்கே தெரியும்.

"உங்கடை மூண்டாம் சாடியையும் பிரிச்சுப்போடுங்கோ அக்கா. தள்ளிப் போடாதேங்கோ."

செந்து உள்ளே வந்தான். என்னைப் பார்த்தான். தலையை அசைத்துவிட்டுக் கை கழுவப் போனான். அவ்வளவுதான்.

ஜூலை 15, செவ்வாய்

வ.வுக்கு ஒரு வசனம் கதைக்க ஒரு மூச்சுப் போதவில்லை. நோவுக்கு மோர்ஃபின். தண்ணீர் பஞ்சில் தொட்டு உதட்டில் வைக்கிறார்கள். என்னைப் பார்த்து, 'அம்மா' என்றாள். நான் திருத்தவில்லை.

சாடிகளில் கட்டைக்குப் பக்கத்தில் பச்சை. ஊசிமுனை அளவு. இரண்டில்தான். முதற் சாடி ஒன்றுமில்லை.

ஜூலை 17, வியாழன். ஆடிப்பிறப்பு

காற்று. கடல் வெள்ளை வெள்ளையாக. புஷ்பமக்கா விடியவே தூக்குச்சட்டியில் ஆடிக்கூழ் கொண்டுவந்து தந்தார்.

காலை ஏழு மணிக்குச் செந்து அழைத்தான். அங்கே முதல் நாள் இரவு. நேற்றிலிருந்து அவள் கண் திறக்கவில்லை.

"நேர்ஸ் சொல்லுறா காது கேக்குமாம். நான் கதைச்சுக் கதைச்சு என்னட்டை ஒண்டும் இல்லைப் பெரியம்மா. நீங்கள் கதையுங்கோ. போனைத் தலகணியிலை வைக்கிறன்."

கூழைப் பற்றிச் சொன்னேன். பனங்கட்டி காணாது என்றேன். புஷ்பமக்காவின் மருமகள் வந்திருப்பதைச் சொன்னேன். மீன்காரனைப் பற்றிச் சொன்னேன். நாற்பது நிமிஷ வகுப்பு நாற்பது வருஷம் எடுத்தவளுக்குச் சொற்கள் முடிந்துவிட்டன. போனைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். வாளியைக் கவிழ்த்து அதில் சாய்த்து வைத்து, மூன்றாம் சாடியைக் கிட்ட இழுத்தேன்.

"வசந்தி, சாடியைக் கவிழ்க்கிறன். வருகுதில்லை. சாடிக்குப் பக்கத்தாலை தட்டுறன். ஆ, வந்திட்டுது. வேர் சாடின்ரை உருவத்திலையே சுத்திக் கிடக்கு. மண்ணை உதிர்க்கிறன். நடு மரம் மாதிரிக் காஞ்சுபோச்சு, நீ சொன்னதுதான். அதை வெட்டி எறியிறன். ஓரத்திலை முளையோடை ரெண்டு துண்டு வரும். மூண்டும் வரும், ஆனா சின்னது. கறுத்த வேரை வெட்டுறன். வெள்ளையை விடுறன். உது மண்புழு, பயப்பிடாதை. முதல் துண்டு நீலச் சாடிக்கு. மண்ணைக் காலாலை மிதிக்கக் கூடாது, கையாலை அமத்திறன். தண்ணி விடுறன். இனி ரெண்டாவது..."

கத்தி வழுகிக் கீழே போனது. குனிந்து எடுத்தேன். ரயில் ஏதும் இல்லை. காற்றும் அந்த நேரம் விட்டிருந்தது. போனிலிருந்து முதலில் வந்துகொண்டிருந்த மூச்சுச் சத்தத்தைக் காணவில்லை.

"செந்து?"

வாளியிலிருந்து போனை எடுத்தேன்.

"செந்து, அம்மா..."

"ஓம் பெரியம்மா." மூக்கை உறிஞ்சினான். "கொஞ்சம் முன்னம். நீங்கள் மண் உதிர்க்கேக்கை."

"ஏனடா சொல்லேல்லை?"

"நிப்பாட்டாதேங்கோ." போனைக் கையில் எடுத்துவிட்டான் போல, குரல் கிட்ட வந்தது. "ரெண்டாவது துண்டை எங்கை வைக்கப் போறியள்? அதைச் சொல்லுங்கோ."

சொன்னேன். பெயின்ட் வாளியில். அடியில் ஓட்டை போட்டாயிற்று. மண்ணும் எருவும் சரிக்குச் சரி. மூன்று விரல் ஆழம்.